மேல் பாட்டில், கீழ் பாட்டில்

போன வாரம் ஆக்னஸ் டீச்சரை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் அழவைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன் என்று நாலைந்து வாசகிகள் கோபமாகக் கடிதம் போட்டிருக்கிறார்கள். ஒரு அம்மா, "ஏழு நாளும் அந்தப் பொம்பளை அங்கேயே நின்றுகொண்டிருப்பாளா, உங்களுக்கு மனசாட்சி இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். இருக்கிறது, அம்மா. ஆக்னஸ் டீச்சரும் நின்றுகொண்டிருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, போஸ்ட் ஆபீஸுக்குப் போய் மகளுக்கு ஒரு டிரங்க் கால் போட்டுவிட்டு, வீட்டுக்கு நடந்துவிட்டார்.

புதிதாக இந்த வாரம் தொடருக்குள் வந்தவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் வெள்ளக்கல் கானாறு என்று ஒன்று ஓடுகிறது. ஓடுகிறது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மலையிலிருந்து இறங்கும்போது அது தண்ணீர்தான். தோல் பதனிடும் மூன்று டேனரிகளைத் தொட்டுக்கொண்டு பாலாற்றில் போய் விழும்போது அதற்கு என்ன பெயர் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இதைச் சுத்தம் செய்ய நகராட்சி கிளம்பியது. அசுத்தம் எங்கே சேர்கிறது என்று தெரிய வேண்டுமே, அதற்காக மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துச் சோதிக்கும்படி வேலூரில் ஒரு லேபுக்கு எழுதினார்கள். அந்த லேபில் சோதனை செய்து கையெழுத்துப் போட்டவள் ஆக்னஸ் டீச்சரின் ஒரே மகள், பொன்மலர்.

ரிப்போர்ட் என்ன சொன்னது தெரியுமா? மேலே எடுத்த தண்ணீரில்தான் உப்பும், தோல் பதனிடப் போடுகிற குரோமும் ஜாஸ்தி. கீழே எடுத்ததில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

மேலே இருப்பது டேனரி இல்லை. அறுபத்திரண்டு குடிசை வீடுகளும் ஒரு தொடக்கப் பள்ளியும்தான். குடிசைக்காரர்கள் திருட்டுத்தனமாகத் தோல் ஊறவைக்கிறார்கள் என்று நகராட்சியில் முடிவு கட்டி, பத்து நாளில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அந்தப் பள்ளியில் இருபத்தோரு வருஷமாக ஒண்ணாங் கிளாஸ் எடுப்பவர் ஆக்னஸ் டீச்சர். பஸ் ஸ்டாண்ட் சுவரில் அந்த நோட்டீஸுக்குக் கீழே ஒட்டியிருந்த ரிப்போர்ட் நகலில் தன் மகளின் கையெழுத்தைப் பார்த்துத்தான் அவர் அழுதார். இனி சனிக்கிழமை காலை.

பொன்மலர் ஏழரை மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். வேலூர் பாகாயத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். மாதம் ஒரு முறைதான் வீடு. வழக்கமாக வாசலுக்கே வந்து பையை வாங்கும் அம்மா இன்று சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

"டிபன் மூடி வெச்சிருக்கேன். சாப்பிடு," என்ற குரல் மட்டும் வந்தது.

"எதுக்கும்மா டிரங்க் கால் போட்டே? வீட்ல யாரோ செத்துட்டாங்கன்னு லேப்ல நினைச்சிட்டாங்க."

"அறுபத்திரண்டு வீடு, மலரு. சாவு இல்லாம வேற இன்னா அது?"

ஆக்னஸ் டீச்சர் நோட்டீஸைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். பசை காயுமுன் பிய்த்துக்கொண்டு வந்தது. பொன்மலர் படித்தாள். மறுபடியும் படித்தாள். அடியில் 9-2-87 என்ற தேதியும் தன் கையெழுத்தும் இருந்தன. மற்றதெல்லாம் அவளுக்குப் புதிது.

"வீட்டைக் காலி பண்ணுன்னு நான் எங்கம்மா எழுதினேன்? பாட்டில்ல இன்னா இருந்துச்சோ, அதைத்தான் எழுதினேன்."

"அந்த வீடுங்கள்ல குரோம் எங்கேருந்து வந்துச்சு? ஜெயம்மா வீட்ல கொழம்புக்கு உப்பு போடவே யோசிக்குது. அது கானாத்துல கொண்டு போய் கொட்டுதா?"

"அதான் எனக்கும் புரியல. தப்பா இருக்குமோன்னு மூணு வாட்டி போட்டுப் பார்த்தேன். மூணு வாட்டியும் அதே தான் வந்துச்சு."

"உங்க சார் கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். வந்ததை எழுதும்மான்னார்."

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே பொன்மலரின் அப்பா ஏசுராஜ் வந்தார். ஹமீத் பாய் டேனரியில் அவர் மேஸ்திரி. இருபத்தாறு வருஷ சர்வீஸ். வீட்டில் எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் சுண்ணாம்பு வாசனை போகாத மனிதர்.

"வந்துட்டியா பாப்பா," என்றார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "இன்னா, ரெண்டு பேரும் உம்முன்னு இருக்கீங்க?"

"கேளுங்க உங்க பொண்ணை," என்று ஆக்னஸ் டீச்சர் நோட்டீஸை அவர் பக்கம் தள்ளினார்.

"இதுல பாப்பாவைக் கேக்க இன்னா இருக்கு? ரெண்டு பாட்டில் குடுத்தனுப்பிச்சா. பிடிச்சு அனுப்பினேன். அவ்ளோதான்."

ஆக்னஸ் டீச்சர் கையிலிருந்த கரண்டியை மேஜையில் வைத்தார்.

"தண்ணி பிடிச்சது நீங்களா?"

இது அவருக்கு அதுவரை தெரியாது. பொன்மலர்தான் சொல்ல வேண்டியதாயிற்று. லேப் ஆள்தான் நேரில் வந்து தண்ணீர் எடுக்க வேண்டும், அதுதான் ரூல். அந்த வாரம் கூட வேலை பார்க்கிற பில்கிஸ் பிரசவ லீவில் போய்விட்டாள். பொன்மலருக்கு அரை நாள்கூடக் கிடைக்கவில்லை. தெரிந்த பஸ் கண்டக்டரிடம் இரண்டு காலி பாட்டில்களைக் கொடுத்து அனுப்பினாள். ஒன்றில் 'மேல்' என்று ஒட்டியிருந்தாள், இன்னொன்றில் 'கீழ்'. அப்பா நிரப்பி அதே கண்டக்டரிடம் திருப்பி அனுப்பினார். ரிப்போர்ட்டில் 'சேகரித்தவர்' என்ற இடத்தில் பொன்மலர் தன் பெயரையே போட்டுவிட்டாள்.

"அதாவது," என்று மெதுவாகக் கேட்டார் ஆக்னஸ் டீச்சர், பிள்ளைகளிடம் கணக்குக் கேட்கும் குரலில், "டேனரி தண்ணியைப் பிடிச்சு அனுப்புங்கன்னு டேனரி மேஸ்திரி கிட்ட சொல்லியிருக்கே."

"அப்பா கிட்ட சொன்னேம்மா."

"ரெண்டு பேரும் ஒரே ஆளுதானே."

ஏசுராஜ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "இன்னா சொல்ல வர்றே ஆக்னஸ்?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லாமலே சொல்றே. நான் மாத்தி வெச்சேன்னு நினைக்கறியா?"

ஆக்னஸ் டீச்சர் கரண்டியை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டார். ஏசுராஜ் மகளைப் பார்த்தார். மகள் நோட்டீஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனசிலும் அந்த நினைப்பு வந்துவிட்டது. வரக்கூடாது என்று நினைத்தாள், வந்துவிட்டது. சந்தேகம் சொல்லிவிட்டா வருகிறது? அப்பாவுக்கு ஹமீத் பாய் என்றால் உயிர். பாய்க்கு ஒரு கஷ்டம் என்றால் அப்பா என்னதான் செய்யமாட்டார் என்று அவளுக்குச் சத்தியமாகத் தெரியாது.

ஏசுராஜுக்கோ வேறு பயம். "உன்னை யாராச்சும் மிரட்டினாங்களா பாப்பா? ரிப்போர்ட்டை மாத்தி எழுதுன்னு?"

"இல்லப்பா."

"பயப்படாம சொல்லு."

"யாரும் மிரட்டலப்பா. இன்னா வந்துச்சோ அதான்."

"இன்னா பேஜார்டா இது," என்று சொல்லிக்கொண்டே ஏசுராஜ் சட்டையை மாட்டினார். சாப்பிடாமல் வேலைக்குக் கிளம்பினார். யாரும் கூப்பிடவில்லை.

டேனரியில் நுழைந்தவுடனே ஹமீத் பாய் ஆள் அனுப்பினார். அப்துல் ஹமீத் என்பது முழுப்பெயர். ஊரில் யாருக்கும் முழுப்பெயர் தேவைப்பட்டதில்லை. மேஜை மேல் அதே ரிப்போர்ட். ஊர் முழுக்க நகல் போயிருக்கிறது போல. டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, பாய் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"நம்ம தண்ணி சுத்தமா இருக்குதாம் ஏசுராஜ்."

"ஆமா பாய்."

"எப்படி?"

"தெரியல பாய்."

"முப்பது வருஷமா இந்தத் தண்ணியைப் பார்க்கறேன். என் சம்சாரம் வஹீதா இந்தப் பக்கம் வந்தா மூக்கைப் பொத்திக்கிட்டு தான் வரும். சர்க்கார் சுத்தம்னு எழுதி சீல் போட்டு குடுக்குது." பாய் சிரித்தார். பிறகு குரலைத் தணித்தார். "உம் பொண்ணு கையெழுத்து தானே இது? நான் உன்னை ஒண்ணும் கேக்கலையேப்பா. நீயா பண்ணியா?"

"நான் ஒண்ணும் பண்ணல பாய்."

"சரி. நீ ஒண்ணும் பண்ணல, நான் ஒண்ணும் கேக்கல. அப்படியே இருக்கட்டும்."

"நெஜமாவே பண்ணல பாய்."

"நானும் அதான்பா சொல்றேன்," என்று பாய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஏசுராஜுக்கு அழுகை வராத குறை. செய்யாததற்கு வீட்டில் திட்டு, செய்யாததற்கு இங்கே நன்றி. எதை நம்பவைப்பது, யாரை நம்பவைப்பது? டீயைக் குடித்ததாகப் பேர் பண்ணிவிட்டு எழுந்தார்.

"அப்புறம் ஒரு வேலை," என்றார் பாய். "பதினோரு மணிக்கு நகராட்சி சேர்மன் கானாத்தை வாரி சுத்தம் பண்ற சிரமதானத்தைத் தொடங்கி வைக்க வர்றார். பாலத்துக்கு இந்தாண்ட, நம்ம வாசல்ல தான் பந்தல். அந்த நேரம் நாத்தம் அடிச்சா அசிங்கம். மத்த ரெண்டு டேனரியிலயும் பேசிட்டோம். தண்ணி வெளிய விட வேணாம். கீழாண்ட குழியில ரொப்பி வை, தோல் சுத்தற டிரம்மை மத்தியானம் கழிச்சு ஓட்டிக்கலாம்."

அதில் ஏசுராஜுக்குத் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. விருந்தாளி வரும்போது வீட்டைக் கூட்டுகிற மாதிரிதான். வெள்ளிக்கிழமை லீவு என்பதால் வியாழன் மாலையிலிருந்தே தண்ணீர் போகவில்லை. காலையில் அலசின தண்ணீரைக் குழியில் ரொப்பச் சொல்லிவிட்டு, அதிலிருந்து வெளியேறும் வாயில் தன் கையாலேயே பலகையை இறக்கி, அதற்கு முட்டுக் கொடுத்து நாலு மணல் மூட்டையும் வைத்துவிட்டு வந்தார்.

அதே நேரத்தில் ஆக்னஸ் டீச்சர் மகளைக் குடிசைப் பக்கம் அழைத்துக்கொண்டு போயிருந்தார். மலைக்கு மேலே வெயில் அப்போதுதான் ஏறி, மலையைப் பார்த்து நடந்த இருவரின் கண்ணையும் கூசவைத்தது. பள்ளிச் சுவருக்குப் பக்கத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். டீச்சரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பின்னால் வந்த பெண்ணைப் பார்த்ததும் ஒருத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவள்தான் ஜெயம்மாள். அவளுடைய நாலு பிள்ளைகளுக்கும் அ, ஆ சொல்லிக்கொடுத்தது ஆக்னஸ் டீச்சர்தான்.

"டீச்சரம்மா, இதான் உங்க பொண்ணா?"

"ஆமா ஜெயம்மா."

"எங்க தண்ணியில விஷம் இருக்குதுன்னு எழுதினவங்க?"

பொன்மலர், "நான் விஷம்னு எழுதலைங்க. உப்பும் குரோமும்..." என்று ஆரம்பித்தாள்.

"அது இன்னாவோ எனக்குத் தெரியாது. இந்தத் தண்ணியில தான் சோறாக்கறோம். பசங்க குடிக்குது. நேத்துப் பொறந்தது கூட குடிக்குது. யாரு செத்தது?" ஜெயம்மாள் உள்ளே போய்ச் சொம்போடு வந்தாள். "இப்ப தான் மொண்டு வந்தேன். குடிச்சுப் பாருங்க."

பொன்மலர் சொம்பை வாங்கினாள். அவளே எழுதியிருக்கிறாள், அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள், கையால்கூடத் தொடக்கூடாத அளவுக்கு இந்தத் தண்ணீரில் உப்பும் குரோமும் என்று. தான் எழுதினதைத் தானே நம்புவதா, எதிரே நிற்கிற பெண்ணை நம்புவதா? எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

குடித்தாள். இரண்டு மடக்குப் போதும், நாக்குக்குத் தெரிந்துவிட்டது. ரிப்போர்ட்டில் கண்ட உப்பில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலும் வாயில் வைக்க முடியாது. இது வெறும் மலைத்தண்ணீர்.

"நல்ல தண்ணி," என்றாள். ஜெயம்மாளுக்கு அல்ல, தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"அதை எழுதிக் குடுங்க," என்றாள் ஜெயம்மாள்.

பொன்மலர் சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கானாற்றங்கரையோடு கீழே இறங்கி நடந்தாள். நடந்தாள் என்பதைவிட ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பாதான். வேறு யாருமில்லை, அப்பாதான் மாற்றிப் பிடித்திருக்கிறார். "மலரு, நில்லு" என்று அம்மா பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அவள் நிற்கவில்லை. இத்தனை வருஷம் அப்பா என்று நினைத்திருந்த ஆள் யாரோ என்று ஆகிவிட்டது போலிருந்தது அவளுக்கு.

பாலத்தருகே கல்லூரிப் பிள்ளைகள் மண்வெட்டியும் கூடையுமாகக் கானாற்றங்கரையில் இறங்கி ஓரத்துக் கறுப்புச் சேற்றை வாரிக்கொண்டிருந்தார்கள். பந்தலில் மைக் கொர்ரென்றது. டேனரி வாசலில் ஏசுராஜ் நின்றிருந்தார்.

"எதுக்குப்பா மாத்தினீங்க?"

"இன்னாத்த மாத்தினேன்?"

"பாட்டிலை. மேல்னு எழுதின பாட்டில்ல டேனரித் தண்ணியைப் பிடிச்சிருக்கீங்க."

"ஆமா," என்றார் ஏசுராஜ்.

மறுப்பார் என்று நினைத்துத்தான் அவள் வந்திருந்தாள். "ஆமாவா?"

"மேல்னு எழுதியிருந்தியே. மேலாண்ட போய் பிடிச்சேன். அதோ, பாலம் தாண்டி, பாலாத்துல சேர்ற இடத்துல. முழங்கால் வரைக்கும் இறங்கி நின்னு பிடிச்சேன் பாப்பா. ரெண்டு நாள் கால் அரிப்பு."

"அப்போ கீழ் பாட்டில்?"

"கீழாண்ட. மலையோரம் போய், உங்கம்மா ஸ்கூல் தாண்டி பிடிச்சேன். அது சுலபம்."

பொன்மலர் திரும்பி மலையைப் பார்த்தாள். சூரியன் அந்தப் பக்கம்தான் இருந்தது.

வாசகர்களே, நம் பக்கத்தில் யார் வாயிலாவது கிழக்கு, மேற்கு என்ற வார்த்தை வந்து கேட்டிருக்கிறீர்களா? மேலாண்ட என்றால் மேற்கு. கீழாண்ட என்றால் கிழக்கு. கடைத்தெரு, கிணறு, குழி எல்லாவற்றுக்கும் அதே கணக்கு. மற்ற ஆறுகள் எல்லாம் பெரும்பாலும் மேற்கே பிறந்து கிழக்கே போகிறவை, அதனால் 'மேல்' என்று எந்த அர்த்தத்தில் சொன்னாலும் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேருவோம். இந்த ஒரு கானாறு மட்டும் கிழக்கே மலையில் இறங்கி மேற்கே ஓடிப் பாலாற்றில் விழுகிறது. நகராட்சி எஞ்சினியர் இங்கிலீஷில் அப்ஸ்ட்ரீம், டவுன்ஸ்ட்ரீம் என்று எழுதியிருந்தார். ஒன்பது வருஷம் ஹாஸ்டலிலும் லேபிலும் கழித்துவிட்ட பெண் அதை மேல், கீழ் என்று தமிழாக்கினாள். அவள் அப்பா அதைத் தன் ஊர்த் தமிழில் படித்தார். இரண்டு பேரும் எழுத்துப் பிசகாமல் சரியாகத்தான் செய்தார்கள்.

"மேல்னா மலைப் பக்கம்பா. தண்ணி வர்ற பக்கம்."

"மலை கீழாண்ட இல்ல இருக்கு?"

"ஐயோ அப்பா," என்று பொன்மலர் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறிவிட்டது. "நான் உங்களைச் சந்தேகப்பட்டேன்."

"தெரியும். காலைலயே தெரியும்," என்றார் ஏசுராஜ். "கண்ணைத் துடை. எல்லாரும் பார்க்கறாங்க."

பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்த ஆக்னஸ் டீச்சருக்கு விஷயத்தைச் சொல்லி முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. பந்தலில் நின்ற நகராட்சி எஞ்சினியர் பரந்தாமனுக்கு அதைவிட ஜாஸ்தி நேரம் பிடித்தது.

"இருங்கம்மா, இருங்க. மேல்ங்கறது கீழா?"

"ரிப்போர்ட்ல மேல்னு இருக்கறது கீழே எடுத்தது சார். கீழ்னு இருக்கறது மேலே எடுத்தது."

"எடுத்தது நீங்கதானே? அப்புறம் எப்படி மாறும்? சேகரித்தவர்னு உங்க பேரு தான் இருக்கு."

"நான் எடுக்கல சார். எங்க அப்பா."

"அப்பா இன்னா பண்றார்?"

பொன்மலர் அந்த டேனரியின் போர்டைக் காட்டினாள். "இங்க மேஸ்திரி."

பரந்தாமன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், ஆனால் சர்க்கார் காகிதத்தோடு பழகினவர். "டேனரி மேஸ்திரி தெசை தெரியாம டேனரித் தண்ணியை மாத்திப் பிடிச்சிட்டார்னு நான் போய் ஆபீஸ்ல சொல்லணும். என்னையும் சேர்த்துத் தான் சிரிப்பாங்க. சரி, பேச்சு எதுக்கு? தண்ணி எதிர்ல ஓடுது. வாங்க, பார்த்துடலாம்."

எல்லாரும் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்தார்கள். கானாற்றில் மெல்லிசாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அடியில் கூழாங்கல்கூடத் தெரிந்தது.

"இதுவா அழுக்குத் தண்ணி?" என்று கேட்டார் பரந்தாமன். "ரிப்போர்ட்ல இருக்கற மாதிரி தானே இருக்கு. கீழே சுத்தம்."

பொன்மலர் மறுபடியும் எட்டிப் பார்த்தாள். அப்படியானால் அப்பா சொன்னது பொய்யா? ஜெயம்மாள் கொடுத்த தண்ணீர் பொய்யா? மேலும் சுத்தம், கீழும் சுத்தம் என்றால் அவள் மூன்று முறை போட்டுப் பார்த்த அந்த நாற்றத் தண்ணீர் எங்கிருந்துதான் வந்தது? அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்த்தார். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"நோட்டீஸ் நோட்டீஸ் தான்," என்று பரந்தாமன் திரும்பினார். சேர்மனுடைய ஜீப் வந்துவிட்டது. சேர்மன் இறங்க, மாலையும் கையுமாக ஹமீத் பாய் எதிரே வந்தார். பாண்டு வாத்தியம் ஆரம்பித்தது.

ஏசுராஜுக்கு மட்டும் விளங்கியிருந்தது. தண்ணீர் ஏன் சுத்தமாக இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவர்கள் நாலைந்து பேர். அவர்களில் வாயைத் திறக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான். திறந்தால் பாய் மானம் போகும். திறக்காவிட்டால் அறுபத்திரண்டு வீடு போகும். இருபத்தாறு வருஷம் பாயின் உப்பைத் தின்றவர். பயமாகத்தான் இருந்தது, அவர் ஒன்றும் பெரிய வீரர் இல்லை.

"சார்," என்றார். வாத்தியச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வாத்தியம் நிற்கும் வரை காத்திருந்து, மறுபடியும், "எஞ்சினியர் சார்," என்றார். "தண்ணியை நிறுத்தி வெச்சிருக்கோம்."

பரந்தாமன் நின்றார். "யாரு நிறுத்தினது?"

"நான் தான். காலைல. பலகை போட்டு, மூட்டை வெச்சி."

"எதுக்கு?"

"சேர்மன் வர்றார். நாத்தம் அடிக்கக் கூடாதுன்னு."

சேற்றில் நின்ற பையன்களில் எவனோ களுக்கென்று சிரித்தான். சேர்மன் ஹமீத் பாயைப் பார்த்தார். ஹமீத் பாய் கையிலிருந்த மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திறந்து காட்ட முடியுமா?" என்று கேட்டார் பரந்தாமன்.

ஏசுராஜ் பாயின் முகத்தைப் பார்த்தார். பாய் மாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏசுராஜ் உள்ளே போனார். நாலு மூட்டையையும் ஒற்றை ஆளாக இழுத்துப் போட்டுப் பலகையைத் தூக்கினார்.

முதலில் நுரை வந்தது. பின்னாலேயே சுண்ணாம்பும் மயிரும் குரோம் நீலமும் கலந்த தண்ணீர் இரைந்துகொண்டு வந்தது. சேறு வாரின பையன்கள் கூடையைப் போட்டுவிட்டுக் கரையேறினார்கள். சேர்மன் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். சிரமதானம் அதோடு முடிந்தது என்று யாரும் அறிவிக்கத் தேவைப்படவில்லை.

பொன்மலர் லேபிலிருந்து கொண்டுவந்திருந்த காலி பாட்டிலைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு இறங்கினாள். பரந்தாமன் கண்ணெதிரே நிரப்பினாள். லேபிளில் 'மேல்' என்றும் எழுதவில்லை, 'கீழ்' என்றும் எழுதவில்லை. 'பாலம்' என்று எழுதினாள்.

"புது ரிப்போர்ட் வர்ற வரைக்கும் நோட்டீஸை நிறுத்தி வைக்கறேன். ரத்துன்னு சொல்லல, நிறுத்தி வைக்கறேன்," என்றார் பரந்தாமன். "ஆனா பழசைத் தப்புன்னு சொல்ல எனக்குக் காகிதம் வேணும். முதல் சாம்பிளை நான் எடுக்கலைன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். அது உங்க லேபுக்கும் போகும், வேலைக்கே வினையாகலாம். யோசிச்சுக்கங்க."

பொன்மலர் யோசித்தாள். ரொம்ப நேரமில்லை. அவர் பேனாவையே வாங்கி, ஜீப் பானெட்டில் காகிதத்தை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆக்னஸ் டீச்சர் பக்கத்திலேயே நின்று காற்றில் காகிதம் பறக்காமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபோது ஹமீத் பாய் காரில் ஏறப் போனார். ஏசுராஜைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் நின்றார். திரும்பவில்லை.

"நாளைக்கு உனக்கு சர்ச்சு," என்றார். "திங்கக்கிழமை வந்து பாரு."

கார் போய்விட்டது.

மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். மசூதித் தெரு திரும்பியதும் ஆக்னஸ் டீச்சர்தான் ஆரம்பித்தார்.

"வந்து என்னைப் பாருன்னு தான் சொல்றார்," என்றார் ஆக்னஸ் டீச்சர். "ஏதோ பேசணும் போல."

"எனக்கு அப்படித் தோணலம்மா," என்றாள் பொன்மலர். "வந்து தான் பாரேன், இன்னா ஆவுதுன்னு பாரேன், அப்படிங்கற மாதிரி இருந்துச்சு."

"சிரிச்சாராங்க?" என்று ஆக்னஸ் டீச்சர் கணவரைக் கேட்டார்.

"முதுகு தான் தெரிஞ்சுது," என்றார் ஏசுராஜ். "இத்தனை வருஷத்துல வான்னு சொல்லியிருக்கார். போன்னு திட்டியும் இருக்கார். இது ரெண்டுல எதுல சேர்த்தின்னு தெரியல."

ஆக்னஸ் டீச்சர் அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார். "காலைல நான் உங்களைப் பேசினது தப்பு," என்றார். நடுத்தெருவில், நாலு பேர் பார்க்க. ஏசுராஜ் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார்.

"திங்கக்கிழமை நானும் உங்க கூட டேனரிக்கு வர்றேன்பா," என்றாள் பொன்மலர்.

"உனக்கு வேலை இல்லையா?"

"அதுவும் தெரியலப்பா."